நாற்பத்தொன்பதாவது நாள்

பிப்ரவரி 8, சனி

காலையில் எண்ணியபோது எட்டு இருந்தன. என் நாய் செம்பியின் வயிற்றோடு ஒட்டி வரிசையாகக் கிடந்தன. விரலை நீட்டி மறுபடியும் எண்ணினேன். ஏழு.

ஏழுதான். ஜனவரி பன்னிரண்டாம் தேதி பிறந்ததும் ஏழுதான். ஒவ்வொன்றையும் நானே துடைத்து, தொப்புள்கொடி கட்டி, தராசில் வைத்து எடை எழுதினேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கறுப்புக் குட்டிகளை எண்ணும்போது இப்படித் தவறுவது இயல்பு.

கழுத்து நூல்களை மாற்றினேன். வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் இறுகிவிடும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, ஆரஞ்சு, ஊதா. குடற்புழு மருந்து இரண்டாம் தவணை கொடுத்தாயிற்று. ஊதா நூல் கட்டிய குட்டி மட்டும் துப்பிவிட்டு என்னைப் பார்த்தது.

எலுமிச்சைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். மோட்டார் இரண்டு முறை நின்றது. மின்வாரியத்துக்கு நான் எழுதிய மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. இந்த நாட்டில் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற கடைசி ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தம்பி சொர்ணவேல் போன் செய்தான். மூன்றரை வருடங்களுக்குப் பிறகு.

"அண்ணே, நான் சொர்ணவேல் பேசுதேன்."

"பேரு திரையில தெரியுது."

"செம்பி குட்டி போட்டிருக்காமே?"

"யார் சொன்னா?"

"உன் வீட்டுப் பொன்னுத்தாய பஸ்ஸ்டாண்டுல பாத்தேன்." பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். "ஆவுடை ஒரு குட்டி வேணும்ங்கா."

"மறுபடியுமா?"

"நானும் அதத்தான் கேட்டேன். அவ பிடிவாதம் உனக்குத் தெரியாதா?"

பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கன்னி இன நாய்க்குட்டியை விற்பதில்லை. உறவில் ஒருவர் கேட்டால் கொடுக்க வேண்டும். மறுத்தால் உறவையே மறுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். 2020இல் செம்பி முதல் ஈற்றில் போட்ட குட்டிகளில் ஒன்றை அவன் இப்படித்தான் கேட்டான். நானும் கொடுத்தேன். மாடன் என்று பெயர் வைத்தார்கள். ஒன்றே கால் வருடம் கழித்து அது அவன் மகள் ஆவுடையின் இடது கையைக் கடித்தது. கட்டிப்போட்டு வளர்த்தால் எந்த நாயும் கடிக்கும். அதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கையெழுத்து விஷயத்தை நான் மறக்கவில்லை. நான் பொறுப்பில் இருந்த கால்நடைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மே மாத வெயிலில் மூன்று நாய்கள் தண்ணீரில்லாமல் செத்தபோது, அன்றைக்கு நான் இல்லை என்று விசாரணை வைத்தார்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன் என்று எழுதி, சாட்சியாக அவனிடம் ஒரே ஒரு கையெழுத்துக் கேட்டேன். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு அப்பாவ நான்தானண்ணே கூட்டிட்டுப் போனேன்" என்றான். இருபத்திரண்டு வருட வேலை அந்தப் பேனாவோடு போயிற்று. இப்படிப்பட்ட அற்பத் துல்லியம் கொண்டவர்களைத்தான் ஊர் நல்லவர்கள் என்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊதா கண்ணை மூடாமல் தூங்குகிறது. அல்லது தூங்குவதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சுபாவச் சோதனைக்கு ஆள் தேட வேண்டும். நாற்பத்தொன்பதாவது நாள் மார்ச் இரண்டு. அதற்கு முன்னால் செய்தால் குட்டிக்கு மூளை முழுதாக விழித்திருக்காது. தாமதித்தால் பார்த்ததும் பட்டதும் சுபாவத்தோடு கலந்துவிடும். சோதிப்பவர் குட்டிகள் அதுவரை பார்க்காத ஆளாக இருக்க வேண்டும். சோதிக்கும் இடமும் அவை பார்க்காத இடமாக இருக்க வேண்டும். கூப்பிட்டால் வருகிறதா, நடந்தால் பின்னால் வருகிறதா, மல்லாக்கப் பிடித்தால் என்ன செய்கிறது என்று ஒன்பது அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண். இது பரீட்சை மார்க் அல்ல. ஒன்று என்றால் எதிர்த்துக் கடிக்கும். ஆறு என்றால் மனிதரையே சட்டை செய்யாது. வீட்டுக்கு ஏற்றது மூன்றும் நான்கும்.

பழைய மாணவர்கள் மூவருக்கு எழுதினேன். ஒருவர் மாநாட்டில் இருக்கிறார். ஒருவர் "மகிழ்ச்சி சார், பார்க்கிறேன்" என்று பதில் போட்டிருக்கிறார். மூன்றாமவர் படித்துவிட்டார், அதற்கு இரண்டு நீலக் கோடுகள் சாட்சி. இவர்கள் மூவருக்கும் நாயின் நாடித்துடிப்பை எங்கே தொட்டுப் பார்ப்பது என்று காட்டியவன் நான்.

2020இல் ஊரடங்கு. வெளியாள் வர வழியில்லை. நானே சோதித்தேன். குட்டிகளுக்கு என்னைத் தெரியும் என்பதால் அந்த முடிவுகளை முறைப்படி நம்ப முடியாது. அந்தக் காரணத்தால் சில எண்களைப் பிறகு திருத்த வேண்டியிருந்தது. விஞ்ஞானத்தில் இது சாதாரணம்.

பிப்ரவரி 20, வியாழன்

மத்தியானம் சோறு வைக்கப் போனபோது முற்றத்தில் எட்டுத் தட்டுகள் இருந்தன. பொன்னுத்தாயைக் கூப்பிட்டேன். ஆறு வருடமாக இங்கே வேலை பார்க்கிறாள். நாய்களிடம் பேசும் அளவுக்குக்கூட என்னிடம் மரியாதையாகப் பேசமாட்டாள்.

"எதுக்கு எட்டு?"

"நீங்கதான சார் எட்டுன்னிய."

"நானா?"

"காலையில கெணத்துப் பக்கம் நின்னுக்கிட்டு, எட்டு இருக்கு பொன்னுத்தாயின்னிய. நான் ஏழுல்லா சார்னேன். எனக்கு எண்ணத் தெரியாதான்னு எரிஞ்சு விழுந்திய. படிச்சவுக சொன்னா சரின்னு எட்டு வச்சேன்."

"ஒன்ன எடு."

"எடுக்கேன். ஆனா அதுலயும் சோறு கொறைஞ்சிருக்கு பாருங்க."

காக்கை கொத்தியிருக்கும்.

சாப்பிட்டுப் படுத்தபோது எலுமிச்சைப் பாத்திக்குள் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. என் வளவில் சங்கிலியே கிடையாது. கட்டி வளர்ப்பவன் அல்ல நான். எழுந்து போய்ப் பார்த்தேன். உச்சி வெயில். மரங்களின் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆடாக இருக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முன்னறிவிப்பில்லாமல் ஆவுடைச்செல்வி வந்தாள். சங்கரன்கோவிலிலிருந்து ஸ்கூட்டியில், தனியாக. பிசியோதெரபி மூன்றாம் வருடமாம். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

"என்ன பெரியப்பா, ஆளே அடையாளம் தெரியல. தாடி வச்சா ஞானி மாதிரி இருப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க காணாமப்போன ஆள் மாதிரி இருக்கீங்க."

"உக்காரு."

"உக்காரணும்னா நாற்காலி மேல இருக்கற பதினாறு புஸ்தகத்த யாராவது எடுக்கணும்."

எடுத்தேன். அவள் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. இடது கைப் பழக்கம் உள்ள பெண். பிளஸ் டூ பரீட்சையை வலது கையால் எழுதினாள் என்று பொன்னுத்தாய் எப்போதோ சொன்னாள். நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குட்டிகளைப் பார்க்க எழுந்தவளைத் தடுத்தேன். சோதனை முடியும்வரை வெளியாள் யாரும் குட்டிகள் கண்ணில் படக் கூடாது. சோதனைக்கு அந்நியர் ஒருவர் தேவை, இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றேன்.

"அந்நியர் வேணும்னா நான் இருக்கேன்ல? எங்க குடும்பத்தவிட உங்களுக்கு அந்நியம் யாரு இருக்கா?"

"இது விளையாட்டு இல்ல."

"நான் சிரிக்கலையே பெரியப்பா."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் வேறு ஆளில்லை. கடைசியில், உருட்டிய துண்டு ஒன்றைக் குட்டியாக வைத்து ஒன்பது அம்சங்களையும் சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டாள். துண்டை மல்லாத்திப் பிடித்து முப்பது வரை எண்ணினாள். நல்ல பிடி. சொல்லிக்கொடுப்பதை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கிளம்பும்போது கேட்டாள்: "மாடனுக்கு எவ்வளவு மார்க் போட்டீங்க?"

"மூணு. சிலதுல நாலு."

"எங்க வீட்டுப் பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கு. அப்பா பீரோவுல வச்சிருக்காரு. லேமினேஷன் போட்டு."

"லேமினேஷனா? எதுக்கு?"

"நீங்க கைப்பட எழுதுனதுல்லா?"

பிப்ரவரி 24, திங்கள்

வேலை ஓடவில்லை. எழுதிவிட்டால் தீரும்.

கடித்த நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும். பார்த்தோம். வெறிநோய் இல்லை. பதினோராம் நாள் சொர்ணவேல் பொன்னுத்தாய் மூலம் சொல்லி அனுப்பினான்: அண்ணனே வந்து முடித்துவிடட்டும், வேறு யாரும் வேண்டாம். நான் கனத்த கையுறையும் வாய்க்கூடும் எடுத்துப் போனேன். கொல்லையில் வேப்பமரத்தில் கட்டியிருந்தது. வீட்டு ஆட்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மாடன் என்னைப் பார்த்ததும் எழுந்தது. உறுமவில்லை. சங்கிலி எட்டும் தூரம்வரை வந்து என் செருப்பை மோந்தது. வால் ஆடியது. பிறகு மண்ணில் உருண்டு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. நான் கையுறையைக் கழற்றினேன். மார்பில் கையை வைத்தேன். அசையவில்லை. ஏனோ எண்ணத் தொடங்கிவிட்டேன். முப்பதுவரை அசையவே இல்லை. கண் மட்டும் என் மேலேயே இருந்தது.

அந்த நிலையில் ஊசிக்கு முன்கால் நரம்பு சுலபமாகக் கிடைத்தது.

பிப்ரவரி 27, வியாழன்

சோதனைக்குப் பழைய பம்புசெட் அறையைச் சுத்தம் செய்தேன். குட்டிகள் அந்தப் பக்கம் போனதே இல்லை. சிலந்தி வலை, காலி உரச் சாக்கு, ஒரு பாம்புச் சட்டை. பொன்னுத்தாய் தரையைக் கழுவிவிட்டாள். குடை, எவர்சில்வர் தட்டு, கரண்டி, காகிதம், துண்டு தயார்.

ஊதா இப்போது மற்றவற்றைத் தள்ளிவிட்டுச் சாப்பிடுகிறது. தட்டில் என் கை பட்டால் உடம்பு விறைக்கிறது. வேண்டுமென்றே கையை வைத்துப் பார்த்தேன். உறுமல் குட்டிக் குரல்தான். ஆனால் எனக்குத் தெரிந்த குரல்.

மார்ச் 1, சனி

எட்டு. எண்ணாமல் விட்டிருக்கலாம்.

மார்ச் 2, ஞாயிறு

சோதனை முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு ஆவுடை வந்தாள். குட்டிகள் சாப்பிட்டிருக்கவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். பொன்னுத்தாய் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கதவுக்குள் விட்டாள். நான் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே ஜன்னல் கம்பிவலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அவள் நன்றாகச் செய்தாள். அவசரப்படவில்லை. கொஞ்சவில்லை. மண்டியிட்டு மெதுவாகக் கை தட்டினாள், எழுந்து நடந்தாள், மல்லாத்தினாள், தடவினாள், தூக்கினாள், காகிதத்தைக் கசக்கி எறிந்தாள், விரலிடுக்கை அழுத்தினாள், தட்டை அடித்தாள், குடையை விரித்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வலது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல், எண்ணை அழுத்தி எழுதினாள்.

சிவப்பு, நீலம் இரண்டுக்கும் எண்கள் கலவை. மஞ்சள் பயந்தாங்கொள்ளி; ஐந்துகள். வெள்ளையும் ஆரஞ்சும் நான்குகள். பச்சைக்கு எல்லாம் மூன்று, குடைக்கு மட்டும் நான்கு.

ஊதா கடைசி.

கூப்பிட்டவுடன் ஓடிவந்து அவள் சுடிதார் விளிம்பைப் பற்றி இழுத்தது. மல்லாத்தினாள். உறுமியது. திமிறியது. பிறகு கழுத்தைத் திருப்பி, மடங்காத அந்த இரண்டு விரல்களைக் கவ்வியது. பால்பல் ஊசி மாதிரி இருக்கும். நான் வலையைப் பிடித்துக்கொண்டு, "விடு, போதும்!" என்று கத்தினேன். கத்தியது சோதனை விதிக்கு விரோதம்.

அவள் கையை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. முப்பது முடிந்ததும் விட்டாள். எண்ணை எழுதினாள். அடுத்த அம்சத்துக்குப் போனாள். ஒன்பதையும் முடித்தாள்.

தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். நான் அயோடின் கொண்டுபோனேன். நான்கு இடத்தில் பல் பதிந்திருந்தது.

"ஊதாவுக்கு என்ன போட்ட?"

"ஒன்னு. ஒன்பதுல ஏழு ஒன்னு, மீதி ரெண்டு." தாளை நீட்டினாள். ஈரக்கையால் ஓரம் நனைந்திருந்தது. "இத மூணுன்னு எழுதணும்னா எப்படி எழுதுறது பெரியப்பா?"

"புரியல."

"முப்பது எண்ணுறதுக்குள்ள நாலு தடவ கடிக்குது. பயிற்சி இல்லாத எனக்கே ஒன்னுன்னு தெரியுது. மாடனும் இப்படித்தான். வந்த அன்னைக்கே வேட்டியப் புடிச்சுத் தொங்குச்சு. நாங்க குறும்புன்னு சிரிச்சோம். மூணுன்னு எழுதியிருந்துதுல்லா? பெரியப்பா எழுதியிருக்காரே, தப்பாவா இருக்கும்னு சிரிச்சோம்."

"நானே சோதிச்சதால பிழை—"

"உங்களத் தெரிஞ்ச குட்டி உங்ககிட்ட கொஞ்சம் நல்லா நடந்துக்கிடும். மார்க் தப்பா வந்தாலும் நல்ல பக்கமாத்தான வரும்? அப்படின்னா, உங்களுக்கே ஒன்னு விழுந்த குட்டி வெளியாளுக்கு என்ன?"

என் மாணவர்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

"இதக் கண்டுபிடிக்கத்தான் வந்தியா?"

"ஆமா. மல்லாத்திப் புடிச்ச ஆளுக்குத் தெரியாமப் போக வழி இருக்கான்னு பாக்க வந்தேன். வழி இல்ல."

பொன்னுத்தாய் ஊதாவைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். குட்டியின் காதைப் பொத்துவதுபோல் கையை வைத்திருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவக் கூட்டிட்டு வாரேன்," என்றாள் ஆவுடை. "நான் ஒன்னும் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க. சொன்னா, பச்சையத் தாங்க. சொல்லலேன்னா குட்டியும் வேண்டாம், பெரியப்பாவும் வேண்டாம்."

ஸ்கூட்டியை எடுக்கும்போது அந்த இரண்டு விரல்களும் கைப்பிடியில் சேராமல் நீட்டிக்கொண்டிருந்தன.

மார்ச் 4, செவ்வாய்

2020 நோட்டைத் தேடி எடுத்தேன். முதலில் எழுதிய எண்கள் அதில் இருந்தன. அட்டையைக் கரையான் அரித்திருந்தது. வெந்நீர் அடுப்பில் போட்டேன். எப்படியும் போட வேண்டியதுதான்.

ஒரு பெண் சொல்வதற்கு எதிராக ஒரு நிபுணர் சொல்வது. எழுத்தில் ஒன்றும் இல்லை. பீரோவில் லேமினேஷன் போட்ட தாள் மட்டும்தான் இருக்கிறது. அது என் பக்கம்.

இதை எழுதி முடித்தபோது முற்றத்தில் ஏதோ தண்ணீர் நக்கும் சத்தம் கேட்டது. செம்பியும் ஏழு குட்டிகளும் என் கண் முன்னால் படுத்திருந்தன.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடவில்லை. தடுப்பூசி போட்டேன். ஏழு ஊசி. எட்டாவதற்கு மருந்தை உறிஞ்சிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். "யாருக்கு சார்?" என்றாள் பொன்னுத்தாய். மருந்தைத் தரையில் பீய்ச்சிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொர்ணவேல் வந்தான். மகளை ஓட்டவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வந்தான். இளைத்திருக்கிறான். கையில் ஒரு பாக்கெட் காராச்சேவு. நாய்கள் இருக்கும் பக்கம் திரும்பாமல், சுவரை ஒட்டியே நடந்து உள்ளே வந்தான். அவன் மூஞ்சியை வேறு பக்கம் வைத்துக்கொள்வதை அகந்தை என்றுதான் எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல.

காப்பி ஆறும்வரை மழை, எலுமிச்சை என்று பேசினோம். ஆவுடை பச்சையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னு சொல்லணும் சொர்ணம்," என்றேன்.

"நான் மொதல்ல சொல்லிருதேண்ணே. இல்லன்னா சொல்லாமலே போயிருவேன்." டம்ளரைக் கீழே வைத்தான். "நீ நல்ல குட்டியத்தான் குடுத்த. நான்தான் கெடுத்தேன். வாரக்கணக்கா அவுத்துவிடாமப் போட்டிருந்தேன். அன்னைக்குக் காலையில, செருப்பக் கடிச்சிட்டுன்னு பெல்ட்டால ரெண்டு போட்டேன். சாயங்காலம், கால்ல சுத்துன சங்கிலிய எடுத்துவிடக் குனிஞ்சிருக்கா இவ. எனக்கு வர வேண்டிய கடி. இத வச்சுக்கிட்டு உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அதான் வரல. போனும் பண்ணல. தப்பா நெனைக்காத."

மூன்றரை வருடங்களாக அவன் மௌனத்தைப் பற்றி இந்த நோட்டுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். திமிர், நன்றிகெட்டதனம், மனைவி பேச்சு. ஒரு இடத்தில்கூட வெட்கம் என்று எழுதவில்லை.

அவன் அழுதபோது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுத வேண்டும். நிம்மதி தோன்றியது. இனி சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

"விடு," என்றேன். மன்னித்துவிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆவுடை நிமிரவில்லை. பச்சையின் காதைத் தடவிக்கொண்டே, "பெரியப்பாவும் ஏதோ சொல்லணும்னாங்கப்பா," என்றாள்.

"அந்தக் குட்டி நல்ல குட்டி இல்ல, சொர்ணம்."

"எனக்காகச் சொல்லாதண்ணே."

"தப்பு என் பேர்லயும் இருக்கு."

"நீ எப்பவும் இப்படித்தான். சின்னப் புள்ளையில நான் ஒடச்ச சிலேட்டுக்கு நீ அடி வாங்குனவன்."

அது உண்மை. நான் மறந்துபோயிருந்தேன். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் கை அவன் இரண்டு கைகளுக்குள் இருந்தது. ஆவுடை இப்போது என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. தாளில் ஓர் எண்ணை எழுதப் போகிறவள் பார்ப்பதுபோல.

நோட்டு எரிந்துவிட்டது. ஆனால் வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது.

"கூப்பிட்டப்ப ஒன்னு. நடந்தப்ப ரெண்டு. மல்லாத்துனப்ப ஒன்னு. தடவுனப்ப ஒன்னு. தூக்குனப்ப ஒன்னு. காகிதத்துக்கு ரெண்டு. விரல அழுத்துனதுக்கு ஒன்னு. தட்டுச் சத்தத்துக்கு ஒன்னு. குடைக்கு ஒன்னு."

ஐந்தாவது எண்ணில் அவன் கைகள் என் கையை விட்டன.

"ஒன்னுன்னா என்னம்மா?" என்று மகளைக் கேட்டான்.

"கடிக்கும்னு அர்த்தம்ப்பா."

"பேப்பர்ல மூணுன்னுல்லா இருக்கு?"

"மாத்தி எழுதுனேன்," என்றேன்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

வெளியே பொன்னுத்தாய் துவைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

"யாரக் கடிக்கணும்னு குடுத்த?"

"அப்படி யாரையும் நெனைக்கல."

அது பொய். இங்கேயாவது சரியாக எழுதுகிறேன். அவன் வலது கையை நினைத்தேன். அந்தக் கையில் பேனா இருந்ததை நினைத்தேன். அந்த வீட்டில் வேறு கைகளும் இருந்தன என்பதை நினைக்கவில்லை.

"நாய் வளக்கத் தெரியாதவன், புள்ள வளக்கத் தெரியாதவன்னு இவ அம்மா சொல்லும்போதெல்லாம் சரிதான்னு இருந்தேன்," என்றான், யாரிடம் என்றில்லாமல். பிறகு எழுந்தான். "ஆவுடை, வா. அத எறக்கி விட்டுரு."

அவள் இறக்கவில்லை. "இது நான் போட்ட மார்க்குப்பா. அவரு போட்டதில்ல."

குட்டியைப் பார்த்தான். இங்கே வந்ததிலிருந்து அப்போதுதான் ஒரு நாயை நேராகப் பார்த்தான். பச்சை அவன் சட்டைப் பொத்தானை மோந்தது. பின்வாங்கப் போனவன் நின்றுவிட்டான்.

"சரி, ஏறு," என்றான்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"அப்ப வாரோம் டாக்டர். உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோம்."

ஐம்பத்தொரு வருடத்தில் அவன் என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை.

மார்ச் 13, வியாழன்

பச்சைக்குப் பிறகு இன்னும் ஐந்து குட்டிகள் போய்விட்டன. எல்லோருக்கும் ஆவுடை எழுதிய தாளின் நகலைக் கொடுத்தேன். ஒரு எண்ணையும் தொடவில்லை. மஞ்சளைக் கேட்டவர் ஐந்துகளைப் பார்த்துவிட்டு, வெடிச் சத்தம் இல்லாத ஊரில் இருக்கும் மச்சினனுக்கு வாங்கிப் போனார். செம்பி காலையிலிருந்து ஒவ்வொரு மூலையாகத் தேடுகிறாள். ஊதா மட்டும் மிச்சம்.

பதினோரு மணிக்கு ஒருவர் பைக்கில் வந்தார். தூரத்து உறவு, கமிஷன் மண்டி வைத்திருக்கிறார்.

"இதுதான் கடைசியா? நல்லா விறைப்பா இருக்கே. எப்படி, சொன்ன பேச்சு கேக்குமா?"

"கேக்காது. கடிக்கும்."

"குட்டியில எல்லாந்தான் கடிக்கும்."

"இது பெருசானாலும் கடிக்கும். புள்ளைக இருக்கா வீட்டுல?"

"மூணு பேரு." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உள்ளத உள்ளபடி சொன்னா எப்படி சார் தள்ளிவிடுவீங்க?"

"தள்ளிவிடப் போறதில்ல."

சிரித்துவிட்டுப் போனார். படித்தவர்களுக்கு ஒரு பக்கம் மரை கழன்றுதான் இருக்கும் என்று பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அவளும் ஒத்துக்கொண்டாளாம்.

பைக் சத்தம் ஓய்ந்த பிறகும் ஊதா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு எதிரே, நல்ல வெயிலில், நான்கு காலையும் ஊன்றி நின்று உறுமிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. சாலையில் தார் பளபளத்தது, அவ்வளவுதான். கூப்பிட்டேன். வரவில்லை. முதுகு மயிர் சிலிர்த்து, கேட்டின் கீழ்க் கம்பியளவில், ஒரு நாயின் முகம் இருக்கும் உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய், அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.